ஒட்டும் புரதங்கள், ஒட்ட மறுக்கும் புரதங்கள்

நான் எடுத்ததிலேயே மிக அழகான பட்டை மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது.

பழ ஈயின் உயிரணுக்களை உடைத்து, ஒரு புரதத்தை ஆன்டிபாடி பூசிய மணிகளால் பிடித்து இழுத்து, நன்றாகக் கழுவி, கூடவே வேறு எந்தப் புரதம் வந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. கூட்டத்தில் ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தால் அவரோடு கைகோத்து நிற்பவரும் சேர்ந்து வந்துவிடுவார் இல்லையா, அதே கதைதான். வந்த புரதங்களை ஜெல் என்ற கூழ்ப் பலகையில் எடைவாரியாகப் பிரித்துப் படமெடுத்தால், நான் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த எடையில், கன்னங்கரேலென்று ஒரு பட்டை. எந்த இரண்டு புரதங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது எங்கும் வெளிவராத வேலை. வெளிவராததற்குக் காரணமே அந்தப் பட்டைதான்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவராக இருந்த அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"டிஎன்ஏவை வெட்டினியா?"

"இல்லக்கா."

"கழுவும்போது உப்பு எவ்வளவு?"

"நூத்தம்பது மில்லிமோலார்."

"சரி. ரெண்டையும் சரிபார்த்துட்டு வா."

முதல் கேள்வியின் விஷமம் அன்றைக்கே புரிந்துவிட்டது. என் இரண்டு புரதங்களுமே டிஎன்ஏவில் உட்காருபவை. ஒன்றை இழுக்கும்போது அது உட்கார்ந்திருக்கும் டிஎன்ஏ துண்டும் வரும். அந்தத் துண்டில் நாலு தப்படி தள்ளி இரண்டாவது புரதம் உட்கார்ந்திருந்தால் அதுவும் வரும். இரண்டுக்கும் அறிமுகமே இருக்காது. ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு அந்நியர்கள். டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக நறுக்கும் பென்சோனேஸ் என்ற நொதியைப் போட்டு மறுபடி செய்தேன். பட்டை போய்விட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு நிழல் மாதிரி ஏதோ இருந்தது. அப்போது அதை நான் மதிக்கவில்லை.

உப்புக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

டிஎன்ஏவில் உட்காரும் இந்த மாதிரிப் புரதங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இட நெருக்கடி. பழ ஈயின் மரபுத்தொகுதி சுமார் 18 கோடி டிஎன்ஏ எழுத்துகள். ஓர் எழுத்துக்கு 0.34 நானோமீட்டர் வீதம் நீட்டிவைத்தால் ஆறு சென்டிமீட்டர் வரும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி இருப்பதால் பன்னிரண்டு. அத்தனையும் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உட்கருவுக்குள் மடங்கிக் கிடக்க வேண்டும். வெறுமனே சுருட்டித் திணித்தாலும் பரவாயில்லை என்றால் சுலபம்தான். ஆனால் ஒரு மரபணுவை இயக்கும் என்ஹான்சர் என்ற டிஎன்ஏ துண்டு பல்லாயிரம் எழுத்துகள் தள்ளி இருக்கும். அது தன்னுடைய மரபணுவைத் தொட வேண்டும், பக்கத்து மரபணுவைத் தொடக் கூடாது. வாய்க்கால் தண்ணீர் தன் வயலுக்குப் போக வேண்டும், அடுத்தவன் வயலுக்குப் போகக் கூடாது. அதற்கு வரப்பு வேண்டும். டிஎன்ஏவில் அந்த வரப்புக்கு இன்சுலேட்டர் என்று பெயர்.

வரப்பு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகப் பிடிக்கும், ஏனென்றால் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்கள். பழ ஈயின் கண் சிவப்பு. 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் புட்டிகளில் ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈ கிடைத்தது. அதில் பழுதாகியிருந்த, கண்ணுக்குச் சிவப்பு தரும் 'ஒயிட்' மரபணுதான் ஈ மரபியலின் பிள்ளையார் சுழி. ஒயிட் மரபணுவின் சிறிய வடிவம் ஒன்றை வெள்ளைக் கண் ஈயின் குரோமோசோமில் எங்கேயோ ஓரிடத்தில் செருகினால், கண்ணின் நிறம் அது விழுந்த இடத்தைப் பொறுத்து மாறும். நல்ல அக்கம்பக்கம் வாய்த்தால் சிவப்பு, இல்லையென்றால் வெளிர் மஞ்சள். 1991-இல் ரெபெக்கா கெல்லமும் பால் ஷெட்லும் இந்த மரபணுவின் இரு பக்கமும் எஸ்சிஎஸ் எனப்படும் டிஎன்ஏ துண்டுகளை வைத்துச் செருகினார்கள். எங்கே விழுந்தாலும் கண் ஏறத்தாழ ஒரே நிறம். அக்கம்பக்கத்தின் நல்லதும் கெட்டதும் உள்ளே வரவில்லை. நுண்ணோக்கியின் கீழ் மயங்கிக் கிடக்கும் ஈக்களைத் தூரிகையால் தள்ளித்தள்ளிக் கண்ணின் நிறம் பார்ப்பதில் நான் செலவழித்த மணி நேரங்களை நினைத்தால், இந்தச் சோதனையைச் செய்தவர்கள் மீது ஒரு தோழமை வருகிறது.

அந்தத் துண்டுகள் முதலில் கிடைத்தது வெப்ப அதிர்ச்சிக்கு எழும்பும் எச்எஸ்பி70 மரபணுக்கள் இரண்டின் இரு கரைகளிலும். ஒரு கரையில் எஸ்சிஎஸ், மறு கரையில் எஸ்சிஎஸ்-பிரைம். முதலாவதில் இசட்-டபிள்யூ5 என்ற புரதம் உட்காருகிறது, இரண்டாவதில் பீஃப்-32. இரண்டு கரைகளும் உட்கருவுக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றும், இந்த இரண்டு புரதங்களும் ஒன்றோடொன்று சேருகின்றன என்றும் 2003-இல் ஷெட்ல் குழு காட்டியது. வரப்பு என்று நாம் நினைத்தது உண்மையில் ஒரு முடிச்சு! இரண்டு இடங்கள் கட்டப்படுகின்றன, நடுவில் உள்ளது ஒரு வளையமாக வெளியே தள்ளப்படுகிறது. அப்படியானால் கட்டுபவர் யார், எதை எதோடு கட்டுகிறார் என்பதுதான் விஷயமாகிவிடுகிறது.

இதற்கு இன்னும் பளிச்சென்ற சாட்சி ஜிப்ஸியிடமிருந்து வந்தது. ஜிப்ஸி என்பது ஈயின் மரபுத்தொகுதிக்குள் தாவித்திரியும் ஒரு தொற்றுத் துண்டு. அதற்குள் சு-எச்டபிள்யூ என்ற புரதம் உட்காருவதற்கு வரிசையாகப் பன்னிரண்டு இடங்கள் உண்டு. (புரதத்திலும் டிஎன்ஏவைப் பிடிக்கும் துத்தநாக விரல்கள் பன்னிரண்டு. தற்செயல்தான், ஆனால் மாணவர்கள் குழம்புவதற்கு வசதி.) ஜிப்ஸி போய் ஒரு மரபணுவுக்கும் அதன் என்ஹான்சருக்கும் நடுவில் விழுந்தால் தொடர்பு அறுந்துவிடும். உடல் நிறத்துக்கான 'யெல்லோ' மரபணுவில் அப்படி விழுந்ததால் மஞ்சளான ஈக்களை வைத்துத்தான் விக்டர் கோர்செஸும் பமீலா கயரும் இதன் அடிப்படைகளை எழுதினார்கள்.

சரி, ஒரு ஜிப்ஸி வரப்பு தடுக்கிறது என்றால் இரண்டு போட்டால்? இரண்டு மடங்கு தடுக்க வேண்டும். 2001-இல் 'சயின்ஸ்' இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைச் செய்து பார்த்தன. இரண்டு போட்டால் தடையே இல்லை. என்ஹான்சர் ஒன்றுமே நடக்காத மாதிரி மரபணுவை இயக்கியது. சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இது அபத்தம். முடிச்சு என்று எடுத்துக்கொண்டால் வேறு எப்படி இருக்க முடியும்? இரண்டு இன்சுலேட்டர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அதனால் என்ஹான்சரும் மரபணுவும் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஒரு ஜிப்ஸி மட்டும் இருந்தபோது அது வேறு யாரையோ தேடிப்போய்ப் பிடித்து வழியை அடைத்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு சோதனையை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி, கைகள். இந்தப் புரதங்களை வாசித்துக்கொண்டே போனால் இரண்டு வித சுபாவம் தெரிகிறது. சில எவரோடும் சேரும். சில தன்னைப் போன்றதோடு மட்டுமே சேரும்.

எவரோடும் சேரும் கைக்குப் பெயர் பிடிபி. பிராட்-காம்ப்ளெக்ஸ், டிராம்டிராக், பிரிக்-அ-பிராக் என்ற மூன்று ஈப் புரதங்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது. சுமார் நூற்றிருபது அமினோ அமிலங்கள் கொண்ட கச்சிதமான உருண்டை. மனிதர்களிடமும் பிடிபி கொண்ட புரதங்கள் ஏராளம். அங்கே அது பொதுவாக இரண்டிரண்டாகச் சேரும். பூச்சிகளிடம் டிராம்டிராக் வகை என்ற ஒரு கிளை தனியாகப் பெருகியிருக்கிறது. இந்த வகை இரண்டோடு நிற்பதில்லை. மாஸ்கோவில் உள்ள மரபணு உயிரியல் நிறுவனத்தில் பாவெல் கியோர்கியேவின் குழு 2011-இல் இவை பெரிய கூட்டங்களாகச் சேருகின்றன, அதிலும் வேறு வேறு புரதங்களின் பிடிபிக்கள் தங்களுக்குள் கலக்கின்றன என்று காட்டியது. அந்தக் கூட்டம் ஆறு பேர் கொண்டது, மூன்று ஜோடிகள் சேர்ந்த ஆறு என்ற அமைப்புப் படம் 2024-இல் வந்துவிட்டது.

மறு சுபாவத்துக்குச் சொந்தமான கை சாட். புரதத்தின் முன்முனையில் நான்கு சிஸ்டீன்கள் ஒரு துத்தநாக அணுவைப் பிடித்து மடிந்த சிறிய பகுதி. கணுக்காலிகளிடம், அதிலும் பூச்சிகளிடம் இது வெகுவாகப் பெருகிக் கிடக்கிறது. பழ ஈயில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட புரதங்களில் இருக்கிறது. இசட்-டபிள்யூ5, பிட்டா, ஜிபிக் மூன்றும் சாட் உள்ளவை. 2016-இல் கியோர்கியேவ் குழு இவற்றை ஈக்குள்ளேயே வைத்துப் பரீட்சித்தது. ஈஸ்டிலிருந்து எடுத்த கேல்4 என்ற இயக்கியை ஒரு பக்கம் வைத்தார்கள், ஒயிட் மரபணுவைத் தொலைவில் வைத்தார்கள். இரண்டின் அருகிலும் பிட்டா உட்காரும் இடங்களைப் போட்டால் கேல்4 தொலைவிலிருந்தே ஒயிட்டை இயக்கியது. இரண்டிலும் ஜிபிக் போட்டாலும் அப்படியே. ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றொன்றும் போட்டால் இயங்கவில்லை.

இந்த "இயங்கவில்லை" எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஒட்டுவது சுலபம். உட்கருவுக்குள் புரதங்களின் நெரிசல் அப்படி. எதுவும் எதோடும் கொஞ்சம் ஒட்டும். யாரோடு ஒட்டாமல் இருப்பது என்பதில்தான் ஒழுங்கு இருக்கிறது. தொண்ணூறு சாட் புரதங்கள் ஒவ்வொன்றும் தன் இனத்தை மட்டும் தேடினால், ஒரு நீண்ட கயிற்றில் தொண்ணூறு நிற ஒட்டுத்தாள் ஒட்டியது போல. சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு. மடிப்பு தானாக வந்துவிடும். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2003-இல் இசட்-டபிள்யூ5 வேற்றினமான பீஃபோடு சேர்ந்ததை மேலே சொன்னேனே, அது இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் கெடுக்கிறது. அது சாட் வழியாக அல்ல, வேறு வழியாக என்று எடுத்துக்கொண்டால் முரண்பாடு இல்லை. ஒரு புரதத்துக்கு ஒரே ஒரு கைதான் என்று யார் சொன்னது?

இரண்டு சுபாவத்துக்கும் நடுவில் நிற்பது சிபி190. பெயரே ஒரு விபத்து. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளுக்கு மையமான சென்ட்ரோசோமில் போய் உட்காருகிறது, ஜெல்லில் 190 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் ஓடுகிறது என்பதால் வைத்த பெயர். மரபணுவை வாசித்துக் கணக்கிட்டால் 1,096 அமினோ அமிலங்கள், 120 கிலோடால்டன் அளவுதான். அமிலத்தன்மை அதிகமுள்ள புரதங்கள் ஜெல்லில் சோம்பேறித்தனமாக ஓடி எடையைக் கூட்டிக் காட்டும். சென்ட்ரோசோமிலும் அது இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. உயிரணுப் பிரிவுக்கு அது தேவையில்லை, ஆனால் ஈ உயிரோடிருக்கத் தேவை என்று 2004-இல் தெரிந்தது. அதே ஆண்டு கோர்செஸ் குழு அது ஜிப்ஸி இன்சுலேட்டரின் உறுப்பு என்று கண்டுபிடித்தது. ஆக, பெயரில் உள்ள இரண்டு தகவலும் வழிதவறியவை. இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

சிபி190-இன் முன்முனையிலும் ஒரு பிடிபி உண்டு, ஆனால் டிராம்டிராக் வகை அல்ல. தன் இனத்தோடு ஜோடி சேரும், அத்தோடு நிறுத்திக்கொள்ளும். அந்த ஜோடி உருண்டையின் மேல் வெளியாட்கள் வந்து ஒட்டுகிறார்கள்: சு-எச்டபிள்யூ, சிடிசிஎஃப் (இதுவும் ஓர் இன்சுலேட்டர் புரதம்), பிட்டா, ஜிபிக். இவர்களுக்குள் சாயல்கூடக் கிடையாது. தானாக டிஎன்ஏவில் இடம் தேடி உட்காரும் திறமை சிபி190-க்கு அவ்வளவாக இல்லை. யாராவது கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்த பின்னால் அது எல்லாருக்கும் பொதுவான இணைப்பாகிறது. ஒருவரோடொருவர் பேசாத பங்காளிகள் எல்லாரும் பேசுகிற ஒரு சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, அந்த இடம்.

சு-எச்டபிள்யூவோடு அது சேரும் விதத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜிப்ஸி வரப்பில் மூன்று பேர்: சு-எச்டபிள்யூ, சிபி190, மாட்-எம்டிஜி4 என்ற பெரிய குடும்பத்தின் 67.2 என்ற உறுப்பினர். சிபி190-இன் பிடிபி, சு-எச்டபிள்யூவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளைப் பிடிக்கிறது. மாட்-எம்டிஜி4 இரண்டு முனையாலும் பிடிக்கிறது: பின்முனையால் சு-எச்டபிள்யூவின் பின்பகுதியை, முன்முனையில் உள்ள பிடிபியால் இன்னோர் இடத்தை. அது சிபி190-ஐயும் தொடுகிறது. எல்லாரும் எல்லாரையும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பிடித்திருக்கிறார்கள். ஒரு பிடியை வெட்டினால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்துச் சோதனை செய்தால் பல சமயம் கலைவதில்லை. ஒவ்வொரு பிடியும் தனியாகப் பலவீனம், சேர்ந்தால் பலம். சோதனைக்குழாயில் இரண்டிரண்டு பேராகத் தனியே எடுத்துப் பார்க்கும் என்னைப் போன்றவர்களை இது பாடாய்ப்படுத்தும். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவர்கள் சேருவதே தெரியாது.

மாட்-எம்டிஜி4 குடும்பத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. எம்டிஜி4 என்பது ஜிப்ஸிக்கு ரஷ்ய ஆய்வாளர்கள் வைத்த பெயர். இந்த ஒரே மரபணு முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களைத் தருகிறது. எல்லாவற்றுக்கும் முன்முனை ஒன்றே, அதில் டிராம்டிராக் வகைப் பிடிபி; பின்முனை ஒவ்வொன்றுக்கும் வேறு. விசித்திரம் என்னவென்றால், சில பின்முனைகளுக்கான குறிப்பு டிஎன்ஏவின் எதிர் இழையில் இருக்கிறது. தனித்தனியாகப் படியெடுத்த இரண்டு ஆர்என்ஏக்களை வெட்டி ஒட்டித்தான் அந்தப் புரதம் உருவாகிறது. 2001-இல் இது உறுதியானது. ஒட்டும் கை எல்லாருக்கும் பொது, எங்கே போய் உட்கார வேண்டும் என்ற முகவரி மட்டும் ஆளுக்கு வேறு. ஆண் ஈக்களின் விந்தணு உருவாகும்போது இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர், இணைக் குரோமோசோம்கள் இரண்டையும் பிரியாமல் பிடித்துவைக்கிறது என்பது 2005-இல் தெரிந்தது. ஆண் பழ ஈயில் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில்லை என்று மார்கன் 1912-இலேயே எழுதினார். மாற்றிக்கொள்ளாமல் எப்படி ஒட்டியிருக்கின்றன என்ற கேள்விக்கு விடையின் ஒரு பாதி, ஒரு வரப்புப் புரதத்தின் தம்பி.

மனிதர்களைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் இந்தப் பதிவின் கீழ் யாராவது கேட்பார்கள். நம்மிடம் சிடிசிஎஃப் ஏறக்குறைய தனி ராஜா. கொஹீசின் என்ற வளையம் டிஎன்ஏவை உருவிக்கொண்டே போகும், எதிரெதிராக முகம் பார்த்து நிற்கும் இரண்டு சிடிசிஎஃப் வந்தால் நிற்கும். எலிக் கருவில் சிடிசிஎஃபை எடுத்தால் ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறது. பழ ஈயிலும் சிடிசிஎஃப் உண்டு. அம்மா முட்டையில் வைத்துக் கொடுத்ததையும் சேர்த்து முழுவதுமாக எடுத்துவிட்டால்? 2018-இல் மரியா கிறிஸ்டினா கம்பெட்டாவும் ஐலீன் ஃபர்லாங்கும் பார்த்தார்கள்: கரு வளர்ச்சியை அது முழுதாகத் தாண்டிவிடுகிறது. பின்னால்தான் பிரச்சினை வருகிறது. ஈயில் ராஜா கிடையாது, பஞ்சாயத்துதான்.

அந்தப் பஞ்சாயத்து எதற்கு என்று கேட்டால் ஈயின் வயிற்றைக் காட்டுவேன். பைதோராக்ஸ் தொகுதி என்று சுமார் மூன்று லட்சம் எழுத்துகள் நீளமுள்ள ஓர் இடம். அதில் புரதம் தரும் மரபணுக்கள் மூன்றே மூன்று. மீதி முழுவதும், உடலின் எந்தக் கண்டத்தில் (வளையத்தில்) எவ்வளவு இயங்க வேண்டும் என்று சொல்லும் ஒழுங்குப் பகுதிகள், அவற்றுக்கு நடுவே வரப்புகள். எட்வர்ட் லூயிஸ் வாழ்நாளெல்லாம் இதைத்தான் பார்த்தார், 1995-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டார். இதில் ஃபேப்-7 என்ற வரப்பு ஆறாவது கண்டத்துக்கான பகுதிக்கும் ஏழாவதுக்கான பகுதிக்கும் இடையே இருக்கிறது. ஃபேப்-7 போய்விட்டால் ஆறாவது கண்டம் தன்னை ஏழாவது என்று நினைத்துக்கொள்ளும். ஆண் ஈயில் வளர்ந்த பின் ஏழாவது கண்டமே கிடையாது. அதனால் அந்த ஈக்கு ஆறாவது கண்டமும் காணாமல் போகிறது. நுண்ணோக்கியில் வயிற்று வளையங்களை எண்ணினால் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

2017-இல் ஒல்கா கிர்சனோவாவும் கியோர்கியேவ், ஷெட்ல் குழுவினரும் ஃபேப்-7-ஐ வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் பிட்டா உட்காரும் இடங்களை மட்டும் வரிசையாக வைத்தார்கள். ஒரே புரதம், பல பிரதி. வரப்பு வேலை செய்தது: ஆறும் ஏழும் கலக்கவில்லை. ஆனால் ஆறாவது கண்டத்தின் ஒழுங்குப் பகுதி, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்டி-பி மரபணுவைப் போய்ச் சேர வேண்டும், அது நடக்கவில்லை. நிஜ ஃபேப்-7 பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கசியவிடாது, தூரத்து வயலுக்கு மட்டும் மதகு திறக்கும். ஒரே புரதத்தை அடுக்கினால் கிடைப்பது மதகில்லாத வரப்பு. மதகு வேண்டுமென்றால் காகா காரணி என்ற புரதம், பிட்டா, இன்னும் பல பெயர்கள் கலந்த கலவை வேண்டும். தடுப்பதற்கு ஒட்டினால் போதும், தேர்ந்தெடுத்து விடுவதற்குப் பல கை வேண்டும் என்று நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

கலவைக்கு இன்னொரு லாபமும் உண்டு, அது திசை. ஈவ் என்ற மரபணுவின் கரையில் ஹோமி என்றொரு வரப்பு. அதன் பிரதி ஒன்றை ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் எழுத்துகள் தள்ளிச் செருகி, அதன் இரு பக்கமும் இரண்டு வெவ்வேறு மரபணுக்களை வைத்தார்கள் மிகி ஃபுஜியோகாவும் ஜேம்ஸ் ஜேய்ன்ஸும். தூரத்து ஹோமி தன் மூலத்தைத் தேடிப் பிடித்தது. அதோடு, ஹோமியைத் திருப்பி வைத்தால் இயங்கும் மரபணு மாறியது. இரண்டு ஹோமிகளும் தலைக்குத் தலை, காலுக்குக் கால் என்று பொருந்துகின்றன. ஒரே புரதம் ஒரே இடத்தில் இருந்தால் தலை எது கால் எது? வரிசையாகப் பல புரதங்கள் ஒவ்வொன்றும் தன் இனத்தைத் தேடினால் வரிசை பொருந்தும் விதம் ஒன்றுதான் இருக்க முடியும், ஜிப் போல.

இப்போது உப்பு.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தத் துறையின் மிகப் பிரபலமான படம் ஒன்று உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியின் ராட்சதக் குரோமோசோம்களில் சு-எச்டபிள்யூ சுமார் ஐந்நூறு இடங்களில் தெரியும். ஆனால் சாதாரண உட்கருவில் அதே புரதத்தை ஒளிரவைத்தால் ஐந்நூறு புள்ளி இல்லை, இருபத்தைந்து போல. இருபது இருபது இடங்கள் ஒரு புள்ளியில் கூடி, நடுவிலிருந்து டிஎன்ஏ வளையங்கள் பூவிதழ் மாதிரி விரிகின்றன என்று வரைந்தார்கள். இன்சுலேட்டர் உடல்கள் என்று பெயரிட்டார்கள். நான் படிக்கும் காலத்தில் அந்தப் பூப்படம் எல்லா வகுப்பிலும் வந்தது. 2013-இல் மரியானோ லாப்ரடார் குழு, உயிரணுக்கள் இருக்கும் திரவத்தில் உப்பைக் கூட்டிப் பார்த்தது. சில நிமிடங்களில் இன்சுலேட்டர் புரதங்கள் டிஎன்ஏவை விட்டு இறங்கி ஒன்றாகத் திரண்டு புள்ளிகளாயின. உப்பைக் குறைத்தால் கலைந்து திரும்பிப் போயின. நாம் பூவின் நடு என்று கும்பிட்ட புள்ளிகள், உயிரணு தாகத்தில் தவிக்கும்போது தோன்றும் துளிகள்.

அந்தக் கட்டுரையை வாசித்த அன்று அக்காவின் இரண்டாவது கேள்வி எனக்கு முழுதாகக் கேட்டது. குழாயில் உப்பைக் குறைத்தால் எல்லாம் எல்லாவற்றோடும் சேரும். கூட்டினால் எதுவும் எதோடும் சேராது. உயிரணுவிலோ, உப்பு ஏறினால் இவை தங்களுக்குள் மட்டும் கட்டிக்கொண்டு டிஎன்ஏவைக் கைவிடுகின்றன. "இந்தப் புரதம் அந்தப் புரதத்தோடு ஒட்டுமா?" என்ற கேள்வியில் பாதிதான் இருக்கிறது. எவ்வளவு உப்பில், எத்தனை பேர் கூட இருக்கும்போது, டிஎன்ஏ இருந்தா இல்லாமலா என்பது மீதிப் பாதி.

திரும்பவும் செய்தேன். எல்லாக் குழாயிலும் பென்சோனேஸ். கழுவும் உப்பு நூறு, நூற்றைம்பது, முந்நூறு, ஐந்நூறு மில்லிமோலார். நூறில் நல்ல பட்டை, ஆனால் வெறும் மணிகளை மட்டும் போட்ட குழாயிலும் கிட்டத்தட்ட அதே அளவு வந்தது, அதனால் தள்ளுபடி. ஐந்நூறில் ஒன்றுமில்லை. முந்நூறில் ஒன்றுமில்லை. நூற்றைம்பதில் அதே நிழல், வெறும் மணிக் குழாயில் இல்லாத நிழல். அக்காவிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "ஆனா இதை வெச்சு நீ யாரையும் நம்ப வைக்க முடியாது. மூணாவது ஆள் யாருன்னு தேடு."